கலவை மருந்துப் போத்தல் முதல் கிளினிக் கொப்பி வரை: வன்னியில் போர்க்காயத்தோடு வாழ்வோரும் மருந்தாளரின் பணியும்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதியில், தான்தோன்றீஸ்வரர் கோயிலால் பெயர்பெற்ற ஊர் ஒட்டுசுட்டான். இங்கும் முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கத்துக் கிராமங்களிலும் கால் இழந்தவர்கள், உடலில் ஷெல் துண்டுகளைச் சுமப்பவர்கள், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் வாழ்கிறார்கள். அவர்களில் ஆயுதம் ஏந்தியவர்களும் உண்டு, ஏந்தாதவர்களும் உண்டு. 2009இல் முப்பது வயதாக இருந்தவர் இன்று நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். பழைய காயத்தோடு சலரோகமும் பிரஷரும் வந்து சேரும் வயது அது. சத்திரசிகிச்சை என்றோ முடிந்துவிட்டது. குளிசைகள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. அந்தக் குளிசைகளை ஒருசேர வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஒரு முரண் தெரிகிறது. இலங்கையின் கிராமங்களில் மருந்து கொடுப்பவரின் பணி காலப்போக்கில் சுருங்கிச் சுருங்கி ஒரு சாளரத்துக்குள் அடங்கிவிட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் முன்னாள் படையினருக்கான மருத்துவமனைகளில் அந்தப் பணி சாளரத்தை விட்டு வெளியே வந்தது.

வன்னியில் மேலைமருத்துவத்தின் வரலாறு பறங்கிப் புண்ணிலிருந்தும் மலேரியாக் காய்ச்சலிலிருந்தும் தொடங்குகிறது. குடியேற்ற அரசு 1858இல் சிவில் மருத்துவத் திணைக்களத்தை அமைத்தது. 1868இல் டொக்டர் ஜேம்ஸ் லூஸ் வன்னியின் சனத்தொகை தேய்ந்துகொண்டு போவதன் காரணங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டிலும் குளத்தை நம்பி, காய்ச்சலோடு காலம் தள்ளும் கிராமங்களின் சித்திரமே விரிகிறது. பட்டம்பெற்ற வைத்தியர் இத்தகைய ஊர்களுக்கு வந்து தங்குவது அரிது. வந்தவர் அப்போதிக்கரி.

1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரி வைத்தியர்களோடு அப்போதிக்கரிகளையும் பயிற்றுவித்தது. யாழ்ப்பாணத்தில் இதற்கு முந்திய ஒரு மரபு இருந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் அதைத் தமிழிலேயே நடத்தினார். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்றார்கள். ஆங்கிலத்தில் படித்தவர் அரச வேலை தேடி நகரங்களுக்குப் போய்விடுவார், தமிழில் படித்தவர் தன் மக்களோடு தங்குவார் என்பது அவருடைய கணிப்பு. மருந்துப் பொருள்களைப் பற்றிய ‘இந்து பதார்த்த சாரம்’ அவர் வழிவந்த தமிழ் மருத்துவ நூல்களுள் ஒன்று. மருந்தின் இயல்பும் அளவும் ஆபத்தும் தமிழில் விளக்கப்படக்கூடியவை என்பதை அந்தத் தலைமுறை நிறுவிக் காட்டியது. இன்றைய மருந்துச் சாளரங்களில் அந்த விளக்கம் எவ்வளவு அருகிவிட்டது என்பதை எண்ணும்போது கிறீனின் சாதனை இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

அப்போதிக்கரி செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அவர் நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், புண்ணைக் கழுவிக் கட்டினார், எந்த மருந்து என்று முடிவுசெய்தார், அதைத் தன் கையாலேயே கலக்கிக் கொடுத்தார். நோயாளி வீட்டிலிருந்து கழுவிய போத்தலோடு வருவார். அதில் கலவை மருந்து ஊற்றப்படும். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று வெட்டி அடையாளமிட்ட கடதாசிப் பட்டி போத்தலின் பக்கத்தில் ஒட்டப்படும். எழுத்தறியாதவருக்கும் விளங்கும் மருந்துச்சீட்டு அந்தப் பட்டிதான். நோயை அறிந்தவரும் மருந்தை அறிந்தவரும் விளக்கிச் சொன்னவரும் ஒரே ஆள். அவருடைய அறிவுக்கு எல்லைகள் இருந்தன, தவறுகளும் நேர்ந்திருக்கும். ஆனால் மருந்துக்கும் ஆளுக்கும் இடையே அப்போது இடைவெளி இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டு அந்த ஒருவரைப் பலராகப் பிரித்தது. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் வைத்தியர், மருந்தாளர் முதலியோரைத் தனித்தனியே பதிவுக்குள் கொண்டுவந்தது. அப்போதிக்கரியின் வழிவந்த உதவி வைத்திய அதிகாரி மருந்து எழுதும் மேசைக்குப் போனார். மருந்துக் கலவையாளரும் மருந்தாளரும் மருந்து கொடுக்கும் சாளரத்துக்குப் போனார்கள். தொழிற்சாலைக் குளிசைகள் பெருகியதும் கலக்கும் வேலையும் போய், எண்ணும் வேலை எஞ்சியது. கிளினிக் நாளில் நீண்டுநிற்கும் வரிசைக்கு முன்னால், கடதாசி உறையில் வேளைகளைக் குறித்துக் கொடுப்பதற்கே நேரம் போதாது.

மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் பணியை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் தயாரித்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. சந்தையிலிருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகளை ஏறத்தாழ 600 ஆகக் குறைத்து, வணிகப் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப்பெயரை முன்வைத்த கொள்கை அது. உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977இல். பிபிலே கயானாவில் மறைந்ததும் அதே ஆண்டில்தான். ஒட்டுசுட்டான் போன்ற ஊரில் இலவசமாகக் குளிசை கிடைப்பதன் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. ஆயினும் அந்தச் சீர்திருத்தம் எந்த மருந்து நாட்டுக்குள் வர வேண்டும், என்ன விலைக்கு வர வேண்டும் என்பதையே பெரிதும் தீர்த்தது. வந்த மருந்து ஒரு குறிப்பிட்ட உடலில் மற்ற மருந்துகளோடு சேர்ந்து என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க ஊர் மட்டத்தில் ஓர் ஆளை அது நியமிக்கவில்லை. பிபிலே தொடங்கியதில் முடிக்கப்படாமல் கிடக்கும் பாதி என்று இதையே சொல்வேன்.

பிறகு போர். 1990களில் வன்னிக்குப் போகும் மருந்துகள் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. உதவி வைத்திய அதிகாரிகளுக்கான பயிற்சியும் அதே பத்தாண்டில் நின்றுபோனது. ஏற்கனவே சேவையில் இருந்தவர்களே பல சிற்றூர் ஆசுபத்திரிகளைத் தாங்கினார்கள். ஒட்டுசுட்டான் 1998 டிசம்பரில் இராணுவத்திடம் வீழ்ந்தது, 1999 நவம்பரில் புலிகளிடம் திரும்பியது, 2009 ஜனவரியில் மீண்டும் இராணுவத்திடம் வந்தது. ஒவ்வொரு கைமாற்றமும் ஓர் இடப்பெயர்வு. அந்த ஆண்டு பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியாக 13,000க்கும் மேற்பட்ட காயக்காரரையும் நோயாளரையும் உடன்வந்தோரையும் வெளியேற்றியது. எஞ்சிய தற்காலிக ஆசுபத்திரிகளில் மயக்கமருந்துக்கும் நுண்ணுயிர்கொல்லிக்கும் கடும் தட்டுப்பாடு நிலவியது. அங்கே பணியாற்றிய அரச வைத்தியர்கள் அதை எழுத்திலேயே அறிவித்தார்கள். அங்கே உயிர்தப்பியவர்கள் செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தபோது, மருத்துவப் பதிவென்று கையில் எதுவும் இல்லாதவர்கள் பலர். எந்த மருந்து எப்போது தொடங்கியது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் நோயாளியின் நினைவில் மட்டும் தங்கியது.

இனி மறுபக்கம். அமெரிக்க மருந்தாளர் சங்கத்தின் 1952ஆம் ஆண்டு ஒழுக்கக் கோவை, மருந்துச்சீட்டில் உள்ள மருந்தின் பயனையோ சேர்மானத்தையோ மருந்தாளர் நோயாளியோடு பேசக்கூடாது என்றது. எங்கள் அப்போதிக்கரி சர்வசாதாரணமாகச் செய்ததை அங்கே தடுத்து வைத்திருந்தார்கள். 1966இல் சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாம் மாடியில் மருந்தாளர்களை விடுதிக்குள்ளேயே அமர்த்திய முயற்சி அந்தத் தடையை உடைத்த முன்னோடிகளுள் ஒன்று. 1969இல் ஒழுக்கக் கோவையும் மாறியது. மருந்தினால் நோயாளிக்கு விளையும் பலனுக்கு மருந்தாளரும் பொறுப்பேற்க வேண்டும் என்று மருந்தகவியல் அறிஞர்கள் ஹெப்லரும் ஸ்ட்ராண்டும் 1990இல் எழுதினார்கள். முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களம் 1995இல் தகுதிபெற்ற மருந்தாளர்களுக்கு வரையறைக்குட்பட்ட மருந்தெழுதும் அதிகாரத்தை ஒழுங்குபடுத்தியது. 2010இல் ஆரம்பப் பராமரிப்பைக் குழுமுறைக்கு மாற்றியபோது வைத்தியர், தாதி, சமூகப் பணியாளரோடு சிகிச்சைசார் மருந்தாளரும் குழுவில் இடம்பெற்றார். நோயைக் கண்டறிபவர் வைத்தியர். அதன்பின் பிரஷர், சலரோகம், வலி ஆகியவற்றுக்கான மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் இரத்தப் பரிசோதனை கேட்பதும் மருந்தாளரின் கிளினிக்கில் நடக்கும்.

அந்த அமைப்பை அப்படியே பெயர்த்து வன்னியில் நட முடியாது. அரச படையினருக்கு நாரஹேன்பிட்டி இராணுவ மருத்துவமனை, ராகமையில் ரணவிரு செவன, 1999இன் ரணவிரு சேவா அதிகாரசபைச் சட்டம் என்று தனி ஏற்பாடுகள் உண்டு. போர் முடிந்தபின் புனர்வாழ்வு பெற்று வெளியேறிய ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளுக்கு அப்படியொரு நெடுங்கால மருத்துவ ஏற்பாடு கிடையாது. அவர்களும் காயப்பட்ட பொதுமக்களும் வந்து நிற்பது ஒரே ஆசுபத்திரி வரிசையில். இந்த ஒரே வரிசைதான் சரியான இடம் என்று நான் கருதுகிறேன். தனிச்சேவை என்றால் முதலில் பெயர்ப்பட்டியல் வேண்டும். யார் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு அஞ்சி மருந்தே வேண்டாம் என்று திரும்பிப்போகிறவர் இருப்பார். மருந்துத் துண்டைப் பார்த்து, கிளினிக் கொப்பியைப் பார்த்து, காயம் எப்படி வந்தது என்று விசாரிக்காமல் மருந்தைச் சீர்செய்யும் ஒருவர் பொதுக் கிளினிக்கில் இருந்தால் எல்லோருக்கும் பயன்.

அவர் என்ன பார்ப்பார்? முழங்காலுக்குக் கீழே காலிழந்த வயல்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வெட்டிய காலின் முனை செயற்கைக்காலில் உரசி நோகிறது. வயலில் நின்ற நாளில் கூடுதலாக நோகிறது. சந்திக் கடையில் டைக்ளோபெனக் வாங்கிப் போடுகிறார். ஆசுபத்திரியில் பிரஷருக்கு லொசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் எழுதியிருக்கிறார்கள். கொப்பியில் இரண்டு குளிசைதான் இருக்கிறது, மூன்றாவது சட்டைப்பையில். டைக்ளோபெனக் சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் நுண்குழாயைச் சுருக்குகிறது, லொசார்ட்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது, ஹைட்ரோகுளோரோதயசைட் உடலின் நீரைக் குறைக்கிறது. வெயிலில் வியர்த்த உடலில் மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அமுக்கம் விழுந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் வெலிஓயாவிலும் காணப்படுகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து விளங்கும். “வேற என்ன குளிசை போடுறியள், அண்ணை?” என்ற ஒரு கேள்வியும், ஒரு கிரியேட்டினின் பரிசோதனையும், டைக்ளோபெனக்குக்குப் பதில் பரசிட்டமோலும் போதும்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவரின் கணக்கு வேறு. தசை இறுக்கத்துக்கான பக்லோபனைத் திடீரென நிறுத்தினால் இறுக்கம் முன்னையிலும் மோசமாகத் திரும்பும், வலிப்பும் வரலாம். நரம்பு வலிக்காக இரவில் போடும் அமிற்றிப்ரிலின் சலம் போவதைத் தடுக்கும், மலச்சிக்கலைக் கூட்டும். இரண்டுமே அவருக்கு ஏற்கனவே இருக்கும் தொல்லைகள். கதீற்றரால் திரும்பத் திரும்ப வரும் கிருமித்தொற்றுக்கு ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு நுண்ணுயிர்கொல்லி கொடுத்தால் ஒருநாள் எதுவும் கேளாத நிலை வரும். தலையில் ஷெல் துண்டு இருப்பவரின் வலிப்பு மருந்தும் ஒருநாளும் முறியக்கூடாதது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரீகபாலினை எடுத்தால், அது நாட்டில் போதைக்காகவும் கைமாறுவதால் உண்மையான வலியோடு வருபவரும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறார். அவரை அறிந்த, அவருடைய அளவை அறிந்த ஒரு மருந்தாளர் இருப்பது அவருக்குப் பாதுகாப்பு.

2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகள் தபால்வழி வீடுகளுக்குப் போயின. நல்ல ஏற்பாடு, ஆனால் பொதிக்குள் குளிசையை வைக்கலாம், கேள்வியை வைக்க முடியாது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகளே இல்லாமல் போயின. இருக்கும் மருந்தில் எதை மாற்றாகக் கொடுக்கலாம், எதை ஒருநாளும் நிறுத்தக்கூடாது என்று தரம்பிரிக்கும் அறிவு நெருக்கடிக் காலத்தில் ஆடம்பரம் ஆகாது.

இலங்கையில் இது சாத்தியமா என்ற கேள்விக்கு ஒரு பதில் ஏற்கனவே உண்டு. விடுதியில் மருந்தாளரை அமர்த்தி நடத்திய ஓர் இலங்கை ஆய்வு 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியானது. மருந்தாளரின் கவனிப்பைப் பெற்றவர்கள் வீடு திரும்பியபின், மருந்து தொடர்பான காரணங்களுக்காக மீண்டும் அனுமதிக்கப்படுவது குறைந்திருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உட்பட நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் மருந்தகவியல் பட்டதாரிகளை உருவாக்குகின்றன. ஆள் இருக்கிறது, அறிவு இருக்கிறது. கிராம ஆசுபத்திரிகளில் அந்த அறிவுக்கென்று ஒரு பதவி பரவலாக இல்லை.

தொடக்கம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மாங்குளம் ஆதார வைத்தியசாலையை மையமாக வைத்து, பட்டதாரி மருந்தாளர் ஒருவர் கிளினிக் நாட்களில் ஒட்டுசுட்டானுக்கும் பக்கத்து ஆசுபத்திரிகளுக்கும் முறைவைத்து வரலாம். சாளரத்துக்கு வெளியே ஒரு மேசையும், சக்கர நாற்காலி நெருங்கக்கூடிய இடமும் வேண்டும். ஐந்துக்கு மேற்பட்ட மருந்து எடுப்பவர், சிறுநீரகச் சோதனை பிழைத்தவர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் ஆகியோரை வைத்தியர் அவரிடம் அனுப்பலாம். வரும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசையையும், கடையில் வாங்கியதையும் ஆயுர்வேத மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். மருந்தாளர் மாற்றம் தேவை என்று கண்டால் கொப்பியில் தன் பெயரோடு எழுதி வைத்தியரின் ஒப்புதலைப் பெறுவார். என்ன மாறியது, ஏன் மாறியது என்பதை நோயாளி வாசிக்கும்படி தமிழிலும் எழுதுவார். படுக்கையில் இருப்பவர்களிடம் மாதம் ஒருமுறை பொதுச் சுகாதாரத் தாதியோடு அவரும் போய்வர வேண்டும். மாகாண சுகாதாரத் திணைக்களம் ஓராண்டு ஒரு பிரதேசத்தில் இதை நடத்தி, டைக்ளோபெனக் பாவனையும் கிரியேட்டினின் அளவும் எப்படி மாறின என்று பதிந்தாலே, பதவி உருவாக்கம் கேட்டுக் கொழும்புக்கு எழுதும் கடிதத்தோடு இணைக்க வன்னியிலிருந்தே சான்று கிடைக்கும்.