ஸ்னூக்கர் வீடியோ கேம்

ஸ்னூக்கர் வீடியோ கேம் என்பது, 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட பச்சைத் துணி மேசையில் ஆடப்படும் பந்தாட்டத்தைத் தொலைக்காட்சித் திரையில் ஆடவைக்கும் விளையாட்டு. பில்லியர்ட்ஸ் குடும்பத்தில் முதலில் திரைக்கு வந்தது பூல்தான். ஸ்னூக்கர் பிந்தியே வந்தது.

மூல ஆட்டம் 1875-இல் ஜபல்பூரில், ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் பிறந்தது. நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, அங்கே பணம் கட்டி ஆடிய பிளாக் பூலில் மேலும் சில நிறப் பந்துகளைச் சேர்த்தார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லின் வேறு ஆள்.) வுல்விச் ராணுவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களைக் கேலியாக 'ஸ்னூக்கர்' என்பார்கள். எளிய பந்தைத் தவறவிட்ட ஒருவரைச் சேம்பர்லின் அப்படி அழைக்க, ஆட்டத்துக்கே அது பெயராகிவிட்டது.

பிறகு சேம்பர்லின், சென்னை ராணுவத் தளபதி ஃபிரடெரிக் ராபர்ட்ஸிடம் பணிக்கு வந்தார். கோடையில் தளபதி உதகமண்டலம் செல்வது வழக்கம். அங்கே, 1841-இல் தொடங்கப்பட்ட உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில், 1882-இல் ஸ்னூக்கர் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. விதி எழுதிய பெருமை நீலகிரிக்கே. இந்த வரலாறு, 1938-இல் சேம்பர்லினே எழுதிய கடிதத்தைத்தான் பெரிதும் நம்பி நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கணினிக்கும் பந்து மேசைக்கும் உறவு பழையது. 1954-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிட்சாக் கணினியில் பூல் ஆடிக் காட்டினார்கள். பந்து பந்தில் மோதுவது, விளிம்பில் பட்டுத் திரும்புவது, துணியின் உராய்வில் வேகம் குறைவது எல்லாமே கணக்குகள்; கணினிக்கு ஏற்ற வேலை. ஆனால் வீட்டுக் கன்சோலுக்கு இடறியது கணக்கு மட்டுமன்று, பந்துகளின் எண்ணிக்கையும்தான். 1977-இல் வந்த அடாரி 2600-இன் வன்பொருள், திரையில் தானாக நகர்த்தக்கூடிய உருவங்கள் ஐந்தே ஐந்து. ஸ்னூக்கர் மேசையிலோ 15 சிவப்பு, 6 நிறப் பந்து, ஒரு வெள்ளை என 22 பந்துகள். அவற்றை வெவ்வேறு நிறங்களால் பிரித்துக் காட்டவும் வேண்டும். 1982-இல் அந்தக் கன்சோலுக்கு இமேஜிக் நிறுவனம் வெளியிட்ட 'ட்ரிக் ஷாட்', குறைந்த பந்துகளைக் கொண்ட பூல் வகை ஆட்டமாக இருந்ததில் வியப்பில்லை. டேட்டா ஈஸ்ட்டின் 'சைடு பாக்கெட்' (1986) ஆர்கேடில் தொடங்கி நின்டெண்டோ கன்சோலுக்கு வந்தது, அதுவும் பூல்தான். இவை மேசையை நேர் மேலிருந்து பார்த்தன.

இந்த வகையின் திருப்புமுனை 1991. ஆர்ச்சர் மக்லீன் உருவாக்கிய 'ஜிம்மி ஒயிட்ஸ் வேர்ல்விண்ட் ஸ்னூக்கர்' முதலில் அமிகா, அடாரி எஸ்டி கணினிகளில் வெளியானது. பின்னர் சேகா மெகா டிரைவ் கன்சோலுக்கும் வந்தது. மேசை முப்பரிமாணத்தில் தெரிந்தது. ஆடுபவர் மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, கோணம் பார்க்கலாம். வெள்ளைப் பந்தில் க்யூ கோலின் முனை எங்கே படவேண்டும் என்பதைத் தேர்ந்து சுழற்சி கொடுக்கலாம். ஆடாமல் நெடுநேரம் யோசித்தால் பந்துகள் முகம் முளைத்துக் கேலி செய்யும். அந்தக் குறும்பு இல்லாமலும் ஆட்டம் நிலைத்திருக்கும். ஆனால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுவே. 'ஜிம்மி ஒயிட்ஸ் 2: க்யூபால்' 1998-இல் கணினிக்கும், பின்னர் பிளேஸ்டேஷன், ட்ரீம்காஸ்ட் கன்சோல்களுக்கும் வெளிவந்தது.

அதன் பிறகு நடந்தது பெரும்பாலும் மெருகேற்றம். உலகத் தொழில்முறைப் போட்டிகளின் உரிமம் பெற்ற ஆட்டங்கள் 2000-களில் வந்தன. லேப்42 உருவாக்கி, ரிப்ஸ்டோன் 2019-இல் வெளியிட்ட 'ஸ்னூக்கர் 19', 128 தொழில்முறை ஆட்டக்காரர்களையும், ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கையும் திரைக்குக் கொண்டுவந்தது. உலகப் போட்டி 1977 முதல் அங்கேதான் நடந்துவருகிறது.

12 அடி மேசைக்கு வீட்டில் இடமில்லாதவர்களுக்கும் இந்த ஆட்டம் இன்று கைக்கெட்டும். உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைக்குள் போக மட்டும் இன்றும் உறுப்பினராகவோ விருந்தினராகவோ இருக்க வேண்டும்.