பெண்பாலில் எழுதிய குதிரைவீரர்

1836-இல் பீட்டர்ஸ்பர்க் வந்திருந்த ஓய்வுபெற்ற குதிரைப்படை அதிகாரி அலெக்சாந்தரோவைக் கவிஞர் புஷ்கின் சந்தித்தார். பேச்சின் நடுவே, சீமாட்டிகளுக்குச் செய்வதுபோல, அந்த அதிகாரியின் கையை எடுத்து முத்தமிட்டார். அதிகாரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார், முகம் சிவந்துவிட்டது. இதெல்லாம் எனக்குப் பழக்கம் விட்டுப்போய் எவ்வளவோ காலமாயிற்று என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். சொன்ன வினைச்சொல் ஆண்பால்.

தமிழில் ‘வந்தேன்’ என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது. ரஷ்ய மொழியில் இறந்தகாலத் தன்மை வினையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். முப்பது ஆண்டுகள் ஆண்பாலில் பேசிப் பழகிய நாக்கு அது. இந்தச் சந்திப்பை அவரே பின்னால் எழுதியபோது கையை இழுத்துக்கொண்டதைப் பெண்பாலில் எழுதினார். வாய்விட்டுச் சொன்னதை மட்டும் ஆண்பாலிலேயே விட்டுவைத்தார். அடுத்தடுத்த வரிகளில் இரண்டு பாலும்! அவர் பெயர் நதேழ்தா துரோவா. அப்போது புஷ்கின் கைக்கு வந்திருந்த அவருடைய தன்வரலாற்றுக் கையெழுத்துப் பிரதியும் இதே முறையில் எழுதியதுதான். அந்தப் பிரதி போன வழியைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

துரோவா பிறந்தது 1783-இல். அப்பா ஹுஸார் குதிரைப்படை அதிகாரி. மகன் பிறப்பான் என்று காத்திருந்த அம்மா, கைக்குழந்தை அழுகையை நிறுத்தவில்லை என்று ஓடும் வண்டியின் ஜன்னல் வழியே அதை வெளியே எறிந்துவிட்டாராம். அதன்பிறகு அப்பா குழந்தையை அஸ்தாகவ் என்ற படைவீரரிடம் ஒப்படைத்தார். குதிரை லாயமும் துப்பாக்கியும்தான் அவளுக்கு விளையாட்டுச் சாமான்கள்.

1806 செப்டம்பரில் ஒரு நாள் இரவு. கண்ணாடி முன் நின்று கூந்தலை வெட்டினார், கொசாக் உடுப்பை மாட்டினார், தன் கவுனைக் கொண்டுபோய்க் காமா ஆற்றங்கரையில் வைத்தார். பிரதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மகள் ஆற்றில் மூழ்கிவிட்டாள் என்று அப்பா நம்பிவிடுவார் என அவர் நினைக்கவில்லை. ஊரார் துருவித் துருவிக் கேட்கும்போது அப்பாவுக்குச் சொல்வதற்கு ஏதாவது ஒரு பதில் வேண்டுமே, அதற்காக வைத்தாராம். தப்பித்து ஓடுகிற நேரத்திலும் அப்பாவின் மானத்தை நினைத்து ஒரு துணியை மடித்து வைக்கிற மனசு! அப்பா கொடுத்த அல்கீத் என்ற குதிரையில் ஏறிப் போனவர், 1807-இல் அலெக்சாந்தர் சொக்கொலோவ் என்ற பெயரில் உலான் குதிரைப்படையில் சேர்ந்து, நெப்போலியனின் படையை எதிர்த்துப் போரிட்டார்.

அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தால், அவர் பெண் என்ற செய்தி ஜார் மன்னர் முதலாம் அலெக்சாந்தர் வரை போயிற்று. போர்க்களத்தில் ஓர் அதிகாரியின் உயிரைக் காப்பாற்றியதற்காக மன்னர் அவருக்கு ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் கொடுத்தார். கூடவே ஹுஸார் படையில் அதிகாரிப் பதவியும், தன் பெயரிலிருந்தே எடுத்த ‘அலெக்சாந்தரோவ்’ என்ற பெயரும் கிடைத்தன. 1812-இல் அதே நெப்போலியனை எதிர்த்த பொரொதினோ களத்தில் அவரிடம் கையுறை இல்லை. குளிர்காற்றில் விறைத்த விரல்கள் மடங்க மறுத்ததை எழுதியிருக்கிறார். பீரங்கிக் குண்டு காலைப் பதம் பார்த்ததும் அந்தக் களத்தில்தான். 1816-இல் ஓய்வு.

பிறகு அதே காமா நதிக்கரையில் உள்ள எலபுகா ஊரில் குடியிருந்தார். தம்பி வசீலிக்குக் காகசஸில் புஷ்கின் அறிமுகமாகியிருந்தார். தம்பி எழுதிய கடிதம் வழியாகப் பிரதி புஷ்கினிடம் போனது. அதன் ஒரு பகுதியை 1836-இல் தன் ‘சொவ்ரெமென்னிக்’ இதழில் போட்ட புஷ்கின், துரோவா என்ற பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டார். அலெக்சாந்தரோவாகவே இருக்க விரும்பியவருக்கு அது பெரிய வேதனை. துணிந்து மேடையேறிவிடுங்கள் என்ற தோரணையில் புஷ்கின் தேற்றினார். நல்லெண்ணம்தான், ஆனாலும் வேடத்தைக் கலைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை வேடமிட்டவருக்கு மட்டுமே உண்டு என்பது என் கட்சி.

முழு நூல் அதே ஆண்டு, ஓர் உறவினர் பொறுப்பில், ‘குதிரைப்படைக் கன்னி’ என்ற தலைப்பில் வந்தது. தலைப்பே இன்னொரு வேடம். துரோவாவுக்கு 1801-இல் கல்யாணம் ஆகி, 1803-இல் இவான் என்ற மகனும் பிறந்திருந்தான். நூலில் கணவரும் இல்லை, மகனும் இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வயது 23. நூலில் அது 16. மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள் என்று தெரிந்தால் ஒரு பக்கம்கூடப் புரட்டமாட்டார்கள் என்று அவர் பயந்திருக்கலாம். பயம் பொய்யில்லை, இன்றும்தான். சாகசக் கதையின் நாயகி பதினாறு பதினேழு வயதுப் பெண்ணாக, பின்னால் யாருமே இல்லாதவளாக வருவதுதான் வழக்கம். எனக்கோ அந்த 23 வயதுக்காரியைத்தான் இன்னும் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அந்த ராத்திரி அவளுக்கு எவ்வளவு கனத்திருக்கும்!

1962-இல் பொரொதினோவின் 150-ஆம் ஆண்டை ஒட்டி எல்தார் ரியசானவ் இயக்கிய ‘ஹுஸார் பாலட்’ திரைப்படம் வந்தது. அலெக்சாந்தர் கிளாத்கவின் நாடகத்திலிருந்து எடுத்த படம். துரோவாவைப் போலவே 1812 போருக்கு ஆண் வேடத்தில் போகும் ஷூரா என்ற இளம்பெண்ணாக லரீசா கொலுப்கினா நடித்தார். பாட்டு, சிரிப்பு, காதல் எல்லாம் உண்டு. விறைத்த விரல்கள் இல்லை. 1988-இல் மேரி சிரின் மூல நூலை ஆங்கிலத்தில் தந்தார். ஆங்கிலத் தன்மை வினையும் நம்முடையதைப் போலப் பால் காட்டாது.

துரோவா 1866-இல் இறந்தார். அலெக்சாந்தர் என்ற பெயரைச் சொல்லியே தனக்கு இறுதிப் பூசை செய்யவேண்டும் என்று கேட்டிருந்தாராம். பாதிரியார் சம்மதிக்கவில்லை என்கிறார்கள். படை மரியாதை மட்டும் குறையாமல் நடந்தது.

ஆற்றங்கரைப் பக்கத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். கூந்தலை வெட்டினேன். கவுனைக் கரையில் வைத்தேன். குதிரை ஏறினேன். ஏறியவர் நதேழ்தாவா அலெக்சாந்தரா என்று எந்த வினையும் சொல்லவில்லை.