அகக்கண் அளந்த பரப்பு

கொக்குவிலிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், மருதனார்மடத்தில் இராமநாதன் பெயர்தாங்கிய நுண்கலைக் கல்வியிடத்தைக் காண்பர். 2009இல் முடிவுற்ற போர் பலரை உடலுறுப்பிழந்தோராக்கிய மண் இது. இங்கு மாற்றுத்திறனாளி ஒருவர் கலை பயிலும் மாணவர்க்கு ஆசிரியராக அமைந்து எதனைக் கற்பிக்கலாம் என்பது சிந்திக்கத்தக்கது. இவ்வினாவுக்கு வங்கத்துச் சாந்திநிகேதனின் வரலாறு விடை தருகின்றது.

1904இல் பிறந்த பினோத பிகாரி முகர்ஜிக்கு இளமை முதலே ஒரு கண்ணிற் பார்வையில்லை. மறு கண்ணிற் கடுமையான கிட்டப்பார்வை. 1919இல் கலாபவனத்தில் நந்தலால் போசின் மாணவராகச் சேர்ந்த அவர், 1925 முதல் அங்கேயே கற்பித்தார். பின்னாளில் நூலட்டை வடிவமைப்பிலும் திரைக்கலையிலும் புகழ்பெற்ற சத்யஜித் ராயும், கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பேற்ற கே. ஜி. சுப்பிரமணியனும் அவரிடம் பயின்றோராவர்.

1947ஆம் ஆண்டளவில் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வை அவர் தீட்டினார். சற்றுத் தொலைவிலுள்ளதையும் தெளிவுறக் காணவியலாத ஒருவர், சுவர் முழுவதையும் மனத்தில் நிறுத்தியே அப்பணியை நிறைவேற்றினார். தென்னாட்டு இராமானுசர், நெசவாளரான கபீர், பார்வையற்றவரென மரபு கூறும் சூர்தாசர் முதலியோர் அங்கே பொதுமக்களோடு ஒரே பரப்பில் உலவுகின்றனர். குலத்தாலும் மொழியாலும் நிலத்தாலும் வேறுபட்டோர்க்கு ஓரிடம் வகுத்த ஓவியம் அது எனலாம்.

1957இல் கண் சத்திரசிகிச்சையின் பின் எஞ்சிய பார்வையும் நீங்கிற்று. ஆயினும் 1958இல் கலாபவனம் அவரை மீண்டும் ஆசிரியராக ஏற்றது. காகிதத்தை வெட்டி ஒட்டியும், மெழுகைப் பிசைந்தும், கைவிரல்களால் வடிவத்தை அறிந்தும் அவர் தொடர்ந்து படைத்தார். 1972இல் கலாபவனச் சுவரொன்றில் ஓடுகளாலான பெருஞ்சித்திரத்தை உருவாக்கினார். அவ்வாண்டிலேயே ராய் தம் ஆசிரியரைப் பற்றி, ‘அகக்கண்’ எனப் பொருள்படும் பெயரில் ஆவணப்படமொன்றை எடுத்தார். 1980இல் முகர்ஜி மறைந்தார்.

கட்டடத்தையோ அறையையோ வரையும் மாணவன் பெரும்பாலும் தன் கண்ணையும் தன் நடையையுமே அளவுகோலாகக் கொள்கிறான். தொட்டறிபவரிடம் பயிலும்போது அவ்வளவுகோல் விரிவடைகின்றது; படியின் உயரமும் வாயிலின் அகலமும் பிறர் உடலாலும் அளக்கப்படவேண்டியவை என்பதை அவன் உணர்கிறான். கலாபவனம் 1958இல் முகர்ஜிக்கு அளித்தது இரக்கத்தின் பாற்பட்ட உதவியன்று, ஆசிரியர்க்குரிய இடம். அதனாற் பெரும்பயன் பெற்றோர் அவருடைய மாணவரே. மருதனார்மடத்தினும் பிற கலைக்கூடங்களினும் அத்தகைய இடம் அமையுமாயின், அப்பயன் யாழ்ப்பாணத்து மாணவர்க்கும் உரியதாகும்.