மூச்சருகே விழித்திருந்தோர்: தென் திருவிதாங்கூரை முன்வைத்துச் செவிலிய வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1924 ஜூன் 4 அன்று எவரெஸ்ட் உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே வரை ஏறித் திரும்பிய தியடோர் ஹோவர்ட் சாமர்வெல், இறங்கும் வழியில் மூச்சடைத்துப் பனியில் அமர்ந்தார். கடுங்குளிரில் கருகிய தொண்டையின் உட்சவ்வு கழன்று மூச்சுவழியை அடைத்துக்கொண்டது. உடன் வந்த நார்ட்டன் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் நிகழ்வதை அவர் அறியவில்லை. தம் மார்பைத் தாமே இரு கைகளால் அழுத்தி அடைப்பை வெளியேற்றிச் சாமர்வெல் உயிர் பிழைத்தார். தென் திருவிதாங்கூரின் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனையின் மருத்துவராக இருந்தவர் அவர்.

மலையேற்ற வரலாறு இந்நிகழ்வைப் பலமுறை சொல்லியிருக்கிறது. மருத்துவ வரலாற்றுக்கு இதில் வேறொரு செய்தி உண்டு. மூச்சுத் திணறுபவரால் உதவிக்குக் குரல் கொடுக்க இயலாது; பேசுவதற்கு வேண்டிய காற்று அவரிடம் இல்லை. அவரது நிலையை அருகிலிருப்பவரே கண்டறிந்தாக வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, உதடும் நகமும் நீலம் பாரித்துள்ளனவா, கழுத்துத் தசைகள் உள்ளிழுக்கப்படுகின்றனவா, நினைவு மங்குகிறதா என்பவற்றை இரவும் பகலும் கவனித்தவர்கள் பெரும்பாலும் செவிலியர். ஆயினும் சுவாச நோய்களின் வரலாறு மருத்துவர்கள், மருந்துகள், கருவிகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது.

ஒற்றசேகரமங்கலம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளும் நெய்யூரும் 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சி எல்லைக்குள் இருந்தவை. அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் ஒரே நிலப்பரப்பின் நோயும் பராமரிப்பும் இரண்டு மாநில வரலாறுகளாகப் பிரிந்துபோயின. 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் தொடங்கிய மிஷன் மருத்துவப் பணியை ஆராய்வோர் எல்லையின் இருபுறத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

இப்பரப்பில் செவிலியத்தின் முதல் தடை தொடுகை. எவர் எவரை எத்தனை அடி தொலைவில் நெருங்கலாம் என்பதைச் சாதி வகுத்திருந்த நாடு திருவிதாங்கூர். அனைத்து இந்துக்களுக்கும் அரசுக் கோயில்களைத் திறந்துவிட்ட பிரகடனமே 1936 நவம்பரில்தான் வந்தது. மூச்சுத் திணறும் நோயாளியைத் தோளில் சாய்த்து உட்கார வைப்பதும், சளிக் கோப்பையைக் கழுவுவதும், வியர்வையில் நனைந்த துணியை மாற்றுவதும் தூய்மை, தீட்டு என்னும் கணக்கை நேரடியாக மீறும் செயல்கள். உயர்சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை இப்பணிக்கு அனுப்பத் தயங்கின. 1906இல் சுவிட்சர்லாந்தின் மென்சிங்கனிலிருந்து திருச்சிலுவைச் சபைக் கன்னியர் திருவனந்தபுரம் அரசு மருத்துவமனைப் பணிக்கு வந்தனர். மிஷன் மருத்துவமனைகளோ உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண்களைப் பயிற்றுவித்தன. பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்ட கேரளச் செவிலியத்தின் சமூக வேர் இங்கே இருக்கிறது.

இப்பணி எவ்வளவு முதன்மையானது என்பதற்கு நிமோனியாவே சான்று. 1938இல் சல்ஃபாபிரிடின் புழக்கத்துக்கு வரும்வரை அந்நோயைப் பரவலாகக் குணப்படுத்தவல்ல மருந்து கிடையாது. ஏழாம் நாளையொட்டிக் காய்ச்சல் திடீரென இறங்கும் அல்லது நோயாளி இறப்பார். அதுவரை அவரைத் தலையணைகளில் நிமிர்த்திச் சாய்த்தல், நீராகாரம் புகட்டுதல், சளியை வெளிக்கொணரச் செய்தல், நாடியும் மூச்சும் எண்ணுதல் ஆகியவற்றைத் தவிரச் செய்யத்தக்கது மிகக் குறைவு. அக்காலத்தில் நிமோனியா சிகிச்சை என்பது பெருமளவு செவிலியமே.

ஆனால் செவிலியரோ மிகச் சிலர். 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவரும் 43,000 பேருக்கு ஒரு செவிலியரும் இருந்ததாகக் கணக்கிட்டது. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் நோயாளியுடன் வந்து தங்கிச் சமைத்து, இரவில் விழித்திருந்த தாயரும் மனைவியரும் மகள்களும். எந்த ஊதியப் பட்டியலிலும் இடம்பெறாத உழைப்பு அது.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு இவ்வாதத்துக்கு எதிரானதுபோல் தோன்றலாம். 193 நோயாளியரில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மறுபகுதியினர் தம் நெருக்கடியான குடியிருப்புகளிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைப் பெற்றனர். ஓய்வு, நல்லுணவு, செவிலியர் கவனிப்பு ஆகியன சானடோரியத்தில் மேலோங்கியிருந்தும் இரு பிரிவினரின் விளைவுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தன. 1959இல் வெளியான இம்முடிவு உலகளவில் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. செவிலியம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வீடுதேடிச் சென்று மருந்தை எண்ணியவர்களும், சிறுநீர் மாதிரி பெற்றவர்களும், சிகிச்சையைக் கைவிட முனைந்தவரிடம் மீண்டும் மீண்டும் பேசியவர்களும் இல்லாமல் வீட்டுச் சிகிச்சை நிலைத்திருக்காது. செவிலியம் வார்டிலிருந்து தெருவுக்கு இடம் மாறியது. அன்றாடப் பராமரிப்போ வீட்டுப் பெண்களின் மேல் இறங்கியது.

கருவிகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1952இல் கோபன்ஹேகனைப் போலியோ தாக்கியபோது, மூச்சுத்தசை முடங்கியோரின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்திக் கையால் காற்றூட்டும் முறையை மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் புகுத்தினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து வாரக்கணக்கில் இரப்பர்ப் பையை அழுத்தினர்; செவிலியர் படுக்கையருகே நின்றனர். இறப்பு விகிதம் பாதியாகவும் பின்னர் அதற்குக் கீழும் குறைந்தது. நோயாளியை ஒருகணமும் தனியே விடாத அந்த ஏற்பாட்டிலிருந்தே தீவிர சிகிச்சைப் பிரிவு உருவாயிற்று.

2013இல் பிரான்ஸ் தலைமையில் 466 நோயாளியரிடம் நடந்த ஆய்வும் குறிப்பிடத்தக்கது. கடுமையான நுரையீரல் செயலிழப்பில் வென்டிலேட்டரில் இருந்தோரை நாளொன்றுக்கு 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தபோது, 28 நாள் இறப்பு 32.8 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை. குழாய் நழுவாமல், கண்ணும் தோலும் புண்ணாகாமல் நோயாளியை நாலைந்து பேர் ஒரே அசைவில் புரட்டும் கைத்திறமே சிகிச்சை. கொரோனாக் காலத்தில் முழுக் கவச உடைக்குள் செவிலியர் இதையே நாள்தோறும் செய்தனர்.

கேரள அரசு 2008இல் அறிவித்த வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கை செவிலியரை உள்ளாட்சி வழியாக வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் பத்தடி நடக்க இயலாதவருக்கு அந்த வருகை மருத்துவமனையைவிட அண்மையானது. நெய்யாற்றின்கரை வட்டத்துக் காரக்கோணத்தில் சாமர்வெல் பெயரால் ஒரு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அப்பெயர் நிலைத்திருப்பது தகும். அவரது காலத்து வார்டுகளில் இரவெல்லாம் மூச்சை எண்ணிய பெண்களின் பெயர்களோ பொது நினைவில் இல்லை. மிஷன் ஆண்டறிக்கைகள், பயிற்சிப் பதிவேடுகள், ஊதியப் பட்டியல்கள், எல்லையோரக் குடும்பங்களின் வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒருங்கே வாசிக்கும் ஆய்வாளர் அப்பெயர்களுள் சிலவற்றையேனும் மீட்கக்கூடும்.