கால் மைல் பந்தயம் வளர்ந்த வரலாறு

வேகத்தின்மீது இளமைக்கு உள்ள வேட்கை புதியதன்று. தேரும் குதிரையும் ஓடிய காலத்திலும் அது இருந்தது. மோட்டார் வந்தபின் அதன் ஆபத்து பன்மடங்காயிற்று. அவ்வேட்கையை ஒடுக்குவதா, அன்றி அதற்கு ஓர் இடமும் ஒழுங்கும் வகுத்துத் தருவதா? இக்கேள்விக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் கண்ட விடையே டிராக் பந்தயம். இரு வண்டிகள் அருகருகே நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேர்கோட்டில் கால் மைல், அதாவது 1,320 அடி ஓடுவதே அதன் பழைய இலக்கணம்.

1930-களில் தென் கலிபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கினர். வேண்டாத உறுப்புகளைக் கழற்றி எடையைக் குறைத்தனர். எஞ்சினின் ஆற்றலைக் கூட்டி, மியூராக் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். அவ்வோட்டங்களை முறைப்படுத்த 1937-இல் ஒரு சங்கமும் தோன்றிற்று. ஆயினும் ஏரிகள் தொலைவில் இருந்தன. தெருவோ வாசலிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பொதுச் சாலைகளில் இரவுப் போட்டிகள் மலிந்தன. உயிர்கள் போயின, மக்கள் வெறுத்தனர், காவலர் துரத்தினர்.

போட்டி சாலையை விட்டு விலக வழிகாட்டியது விமான ஓடுபாதை. நேராகவும் சமமாகவும் அமைந்து, ஓடி முடித்த வண்டி நிற்பதற்கும் இடம் தருவது அது. 1950-இல் சாண்டா அனா நகருக்கு அருகே ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையில் முறையான பந்தயம் தொடங்கியது. அடுத்த ஆண்டு, மோட்டார் இதழொன்றின் ஆசிரியராயிருந்த வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவில் ஒரு சங்கம் கண்டார். 1953-இல் போமோனா நகரில் அச்சங்கத்தின் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் நடந்தது.

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடுவது ஒன்றுண்டு. 1954-இல் ஊர் ஊராகச் சென்று, பந்தயத்தைப் பாதுகாப்பாக நடத்தும் முறையைக் கற்பித்த சிறு குழுவின் தலைவர் பட் கூன்ஸ், போமோனா காவல் துறையைச் சேர்ந்தவர். துரத்திய கையே வழிகாட்டும் கையாயிற்று. 1955-இல் கான்சாஸ் மாநிலத்துக் கிரேட் பெண்ட் நகரில் முதல் தேசியப் போட்டி கூடியது. மழை குறுக்கிட்டதால், அதன் இறுதிச் சுற்றுகள் பின்னர் அரிசோனாவில் நடந்தேறின.

புதிதாக வருபவர்க்கு இப்பந்தயம் இன்றும் கதவடைப்பதில்லை. அன்றாடம் ஓட்டும் காரோடும் வரலாம். ஆனால் முதலில் வண்டியைச் சோதிப்பார்கள்: பிரேக், டயர், எண்ணெய்க் கசிவு, பாட்டரியின் பிணைப்பு, இருக்கை வார் யாவும் பார்க்கப்படும். 1970-களில் பரவிய ஒரு முறையில், ஓட்டுபவர் தம் வண்டி எத்தனை வினாடியில் ஓடும் என்று முன்னரே அறிவிக்கிறார். மெதுவான வண்டி அவ்வேறுபாட்டின் அளவுக்கு முன்னதாகப் புறப்படுகிறது. பச்சை விளக்குக்கு முன் புறப்பட்டால் தோல்வி. அறிவித்ததைவிட விரைந்து ஓடினாலும் பெரும்பாலும் தோல்வியே. ஆதலால் இங்கு வெல்வது செல்வமன்று. தன் வண்டியை அறிந்த அறிவும் நிதானமுமே.

இச்செய்தி நமக்கு அயலானதன்று. சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுபாதையே 1950-களில் மோட்டார்ப் பந்தயக் களமாயிற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் எழுந்தது. நாம் இன்று வாழ்வது பம்பாயாயினும் டில்லியாயினும், நள்ளிரவுச் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் சீறிப் பாயும் ஒலியைக் கேட்டிருக்கிறோம். வைவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அவ்விளைஞர்க்குத் தலைக்கவசமும், சோதிப்பவர் ஒருவரும், வேலியிட்ட கால் மைலும் கிடைக்க வழி செய்தால், வேட்கையும் வாழும். பிள்ளைகளும் வீடு திரும்புவர்.