கல்லறையோரக் குழலும் அதன் கூலியும்

ஸ்காட்லாந்து நாட்டிலும், அந்நாட்டினர் குடியேறிய கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள், ஆஸ்திரேலியா முதலிய இடங்களிலும், அடக்க ஆராதனையின்போது பேக்பைப் வாசிக்கும் வழக்கம் பரவியுள்ளது. சவப்பெட்டி ஆலயத்தினின்று வெளியே கொண்டுவரப்படும்போது குழலிசைஞர் ஒருவர் அதற்கு முன்பாக நடந்து செல்வார். கல்லறையருகே இரங்கற்பண் ஒன்றை வாசிப்பார். பின்னர் வாசித்துக்கொண்டே விலகிச் சென்று, ஒலி படிப்படியாகத் தேய்ந்து மறையும்படி செய்வார். இப்பணிக்கு அவர் கட்டணம் பெறுகிறார். அடக்கச் செலவுப் பட்டியலில் மலர்களுக்கும் வாகனத்துக்கும் அருகே அதுவும் ஒரு வரியாக இடம்பெறுகிறது.

துயருற்றிருக்கும் குடும்பத்தாரிடம் இசைக்குக் கூலி கேட்பது தகுமா? இவ்வினாவை ஒழுக்கவியல் வினாவாக மட்டும் கருதி விடையளித்துவிட இயலாது. அடக்கச் சடங்கினின்று பணத்தை அகற்ற முயன்ற ஒரு திருச்சபையின் நாட்டிலேயே இவ்வழக்கம் வளர்ந்தது. ஆகவே அவ்வரலாற்றைச் சற்று ஆராய்ந்த பின்னரே நாம் ஒரு முடிவுக்கு வருதல் நலம்.

வேதாகமப் பின்னணி

சாவு வீட்டில் கூலிக்கு இசைப்பது புதிய வழக்கமன்று. யவீரு என்பவனின் மகள் இறந்த வீட்டிற்கு நம் ஆண்டவர் சென்றபோது, குழல் வாசிப்போர் அங்கு முன்னரே வந்திருந்தனர் (மத். 9:23). நமது தமிழ் வேதாகமம் அவர்களைத் 'தாரை ஊதுகிறவர்கள்' என்று குறிப்பிடுகிறது. ஒப்பாரி பாடுவதில் பயிற்சி பெற்ற பெண்களை அழைப்பிக்கும்படி எரேமியா கூறுகிறார் (எரே. 9:17). புலம்பலில் தேர்ந்தவர்களைப் பற்றி ஆமோசும் பேசுகிறார் (ஆமோஸ் 5:16). புலம்புதல் அக்காலத்தில் கற்றுத் தேரவேண்டிய ஒரு கலையாக இருந்தது என்பதை இவ்வசனங்கள் காட்டுகின்றன.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் ரபி யூதாவின் தீர்ப்பு ஒன்று உள்ளது. இஸ்ரவேலில் மிக வறியவனும்கூடத் தன் மனைவியின் அடக்கத்திற்கு இரண்டு குழல்களுக்கும் ஒரு புலம்பற்காரிக்கும் குறையாமல் ஏற்பாடு செய்யவேண்டும் என்பது அதன் பொருள். இதில் இரு கருத்துகள் அடங்கியுள்ளன. புலம்பலுக்குச் செலவு உண்டு என்பது ஒன்று. ஏழையின் வீட்டுச் சாவு புலம்பலின்றிப் போகலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே பிற்காலத் திருச்சபையை வருத்திய சிக்கல். யவீருவின் வீட்டில் இயேசு குழலோரை விலகச் சொன்னதற்கு அவர்கள் கூலி பெற்றது காரணமன்று. சிறுமி எழுந்திருக்கப்போகிறாள் என்பதே காரணம் என்பதையும் நாம் மறக்கலாகாது.

பசுவும் மேலாடையும்

சீர்திருத்தத்திற்கு முற்பட்ட ஸ்காட்லாந்தில், ஒருவர் இறந்தவுடன் பங்குக் குருவுக்குச் செலுத்தவேண்டிய சாவுவரி ஒன்று இருந்தது. இறந்தவரின் கால்நடைகளுள் சிறந்த பசுவும், அவருடைய மேலாடை அல்லது மேற்போர்வையும் திருச்சபைக்கு உரியவை எனக் கொள்ளப்பட்டன. சர் டேவிட் லின்ட்சே எழுதி, 1552-இல் கூப்பர் நகரிலும் 1554-இல் எடின்பரோவிலும் நடிக்கப்பட்ட அங்கத நாடகத்தில் ஓர் ஏழை தோன்றுகிறான். தந்தை இறந்தபோது ஒரு பசுவும், தாய் இறந்தபோது மற்றொன்றும், மனைவி இறந்தபோது மூன்றாவதும் குருவின் தொழுவத்திற்குப் போயின என்று அவன் முறையிடுகிறான். அரங்கில் கூறப்பட்ட இம்முறையீடு மக்களின் நெஞ்சில் புகைந்துகொண்டிருந்த கசப்பைப் புலப்படுத்தியது.

1560-இல் ஜான் நாக்ஸ் உள்ளிட்ட ஆறு போதகர்கள் வரைந்த முதலாம் ஒழுங்கு நூல் இவ்வரிகளை ஒழிக்கவேண்டும் எனக் கோரியது. அடக்கத்தின்போது பாடலோ வாசிப்போ வேண்டா என்றும், அடக்கப் பிரசங்கத்தையும் தவிர்ப்பதே நன்று என்றும் அது அறிவுறுத்தியது. மரித்தோருக்காகச் செபிக்கும் பழைய நம்பிக்கைகள் மீண்டும் தலைதூக்கலாம் என்ற அச்சம் இதற்கு முதற்காரணம். ஆயினும் நம் பொருளுக்கு மிகவும் தேவையானது அந்நூல் கூறும் மற்றொரு காரணமே. அடக்கப் பிரசங்கம் வழக்கமாகிவிட்டால், செல்வரும் மேன்மக்களும் இறக்கும்போது போதகர்கள் பேசுவர். எளியவர் இறக்கும்போது வாய்மூடி இருப்பர். இத்தகைய பட்சபாதத்தை நல்மனச்சாட்சியோடு செய்ய இயலாது என்று அந்நூலாசிரியர்கள் கருதினர். எல்லோருக்கும் சமமாகப் பேச இயலாதெனில் எல்லோருக்கும் சமமாக மௌனம் காப்போம் என்பதே அவர்களது துணிபு.

1645-இல் ஏற்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனை நெறிநூலும் இவ்வழியையே பின்பற்றியது. எவ்விதச் சடங்குமின்றி உடல் அடக்கம் செய்யப்படவேண்டும் என்று அது விதித்தது. எனினும், இறந்தவரின் நிலைக்கும் தகுதிக்கும் ஏற்ற உலகியல் மரியாதைகளைத் தடுப்பது தன் நோக்கமன்று என்றும் அது சேர்த்துரைத்தது. இச்சிறு விலக்கு பின்னாளில் ஒரு பெருவாயிலாக அமைந்தது. ஆலயத்தின் உள்ளிருந்து வெளியேற்றப்பட்ட தரவேறுபாடு, உலகியல் மரியாதை என்ற பெயரில் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் வந்து நின்றது. அடக்கங்களுக்குச் செய்யப்பட்ட ஆடம்பரச் செலவைக் கட்டுப்படுத்த 1681-இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றமே சட்டமியற்ற நேர்ந்தது.

திருச்சபையும் பணத்தோடு முற்றிலும் தொடர்பற்று இருந்துவிடவில்லை. சவப்பெட்டியின்மேல் போர்த்தும் துணிகளைச் சபைமூப்பர் மன்றங்கள் வாங்கி வைத்து வாடகைக்கு விட்டன. நல்ல வெல்வெட்டுக்கு ஒரு வாடகை, பழைய துணிக்கு வேறொரு வாடகை என்று தரம் பிரிக்கப்பட்டது. இதில் கிடைத்த வருவாய் ஏழைகளுக்கான நிதியில் சேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. சாவுக்கு வாங்கிய பணம் குருவின் தொழுவத்திற்குச் செல்லாமல் ஏழையின் உணவுக்குச் சென்றது. ஆனால் போர்வையின் தரம் இறந்தவரின் செல்வநிலையை ஊரறியக் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

குழலிசைஞரின் நிலம்

இவ்வாறு மௌனமாக்கப்பட்ட அடக்கத்தில் குழல் இடம்பெற்றது எங்ஙனம்? ஸ்காட்லாந்தின் வடமேற்கிலுள்ள மலைநாட்டில் கேலிக் மொழி பேசும் குலத்தினரிடையே, சவத்தைத் தொடர்ந்து பெண்கள் ஒப்பாரி வைக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்தது. இப்புலம்பலைத் திருச்சபை விரும்பவில்லை. காலப்போக்கில் பெண்களின் குரல் ஒடுங்க, அவ்விடத்தைக் குழல் பெற்றது. குழலில் சொற்கள் இல்லை. ஆதலால் கோட்பாட்டுக்கு முரணான செபமும் அதில் இல்லை. போதகர் பேசாத இடத்தில் குழல் பேசிற்று எனலாம்.

மலைநாட்டுப் பேக்பைப்பின் அமைப்பு இப்பணிக்குப் பொருத்தமானது. இசைஞரின் கைக்கடியில் உள்ள பையில் காற்று நிரப்பப்படுகிறது. ஒன்பது சுரங்களைக் கொண்ட குழலில் பண் எழ, மூன்று நீண்ட குழல்கள் ஒரே சுருதியை இடையறாது ஒலிக்கின்றன. இசையை இடையில் நிறுத்தவோ, ஒலியைத் தணிக்கவோ இயலாது. 'கூவ' எனப்படும் இரங்கற்பண், 'ஊர்லர்' என்னும் அடிப்படை மெட்டில் மெதுவாகத் தொடங்கி, படிப்படியாகச் சிக்கலான மாற்றங்களுக்குச் சென்று, முடிவில் தொடங்கிய மெட்டுக்கே திரும்புகிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஓராண்டுக்குள் தம் எட்டு மைந்தருள் எழுவரை இழந்த பாட்ரிக் மோர் மக்கிரிமன் இயற்றியதாக மரபு கூறும் 'பிள்ளைகளுக்கான புலம்பல்' இவ்வகைப் பண்களுள் தலைசிறந்ததாகப் போற்றப்படுகிறது.

மக்கிரிமன் குடும்பத்தார் ஸ்கை தீவில் டன்வேகன் கோட்டையை ஆண்ட மக்லவுட் குலத்தலைவர்களின் பரம்பரைக் குழலிசைஞர்கள். அவர்களுக்குப் போரெரெய்க் என்னுமிடத்தில் நிலம் வழங்கப்பட்டிருந்தது. ஆகவே குலத்தலைவரின் அடக்கத்தில் வாசித்தவர் கூலியின்றி வாசித்தார் என எண்ணுவது பிழை. அவருடைய கூலி நிலமாக முன்னரே அளிக்கப்பட்டிருந்தது. யாருக்காக அவர் வாசித்தார் என்பதும் நோக்கத்தக்கது. தலைவருக்கும் தலைவர் வீட்டாருக்குமே அவர் கடமைப்பட்டவர். உழவனின் சாவுக்கு ஊர்ப்பெண்களின் குரலே உரியதாக இருந்தது.

நிலத்தினின்று நாணயத்திற்கு

1746-இல் கலோடன் போரில் ஜாகோபைட் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. அவ்வாண்டின் ஆயுதத் தடைச் சட்டத்தில் பேக்பைப்பின் பெயர் இல்லை. ஆயினும் ஜேம்ஸ் ரீட் என்ற குழலிசைஞர், அவர் ஏந்தியது போர்க்கருவியே என்று கொள்ளப்பட்டு, யார்க் நகரில் அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். அடுத்து வந்த சட்டங்கள் குலத்தலைவர்களின் பரம்பரை அதிகாரங்களை ஒழித்தன. தலைவர்கள் நிலவுடைமையாளர்களாக மாறி வாடகையைக் கணக்கிடலாயினர். குழலிசைஞரின் நிலமும் அக்கணக்கில் அகப்பட்டது. 1773-இல் மேலைத் தீவுகளுக்குச் சென்ற சாமுவேல் ஜான்சன், முல் தீவின் குழற்பள்ளி மறைந்துவிட்டது என்றும், ஸ்கை தீவின் பள்ளி இன்னும் முற்றிலும் அழியவில்லை என்றும் எழுதினார்.

அதன்பின் இக்கலையைக் காத்தவை இரண்டு. 1781-இல் பால்கர்க் நகரில் லண்டன் மலைநாட்டுச் சங்கம் தொடங்கிய பரிசுப் போட்டிகள் ஒன்று. பிரித்தானியப் படையின் மலைநாட்டுப் பிரிவுகள் மற்றொன்று. படைப்பிரிவுகளில் நெடுங்காலம் அதிகாரிகளே தம் பணத்தில் குழலிசைஞரை வைத்திருந்தனர். 1854-இல்தான் அரசு அவர்களை முறையாக அங்கீகரித்தது. படைவீரரின் அடக்கத்தில் குழல் ஒலிப்பது இவ்வழியே பேரரசெங்கும் பரவிற்று. நிலமாக இருந்த கூலி சம்பளமாகவும் பரிசாகவும் மாறிற்று.

இதே காலத்தில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மௌனமும் கலையலாயிற்று. 1865-இல் தோன்றிய திருச்சபை ஆராதனைச் சங்கம் 1867-இல் வெளியிட்ட 'யூக்கோலோகியன்' என்னும் நூல், அடக்கத்திற்குரிய செபங்களை மீண்டும் போதகரின் கையில் அளித்தது. குழலும் செபமும் ஒரே கல்லறையருகே சந்திக்கும் நிலை உருவாயிற்று.

அண்மை நூற்றாண்டு

1963 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் இறுதி ஊர்வலத்தில் பிளாக் வாட்ச் படைப்பிரிவின் குழலிசைஞர் ஒன்பதின்மர் நடந்து சென்றனர். உலகெங்கும் தொலைக்காட்சியில் மக்கள் அதனைக் கண்டனர். 1972-இல் ராயல் ஸ்காட்ஸ் டிராகூன் கார்ட்ஸ் குழுவினர் 'அமேசிங் கிரேஸ்' பாடலின் மெட்டை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றது. ஜான் நியூட்டனின் அப்பாடல் பதினெட்டாம் நூற்றாண்டினது. மெட்டோ அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனுடன் இணைந்தது. இன்று அடக்கங்களில் இதையே தொன்மையான ஸ்காட்லாந்து மரபு எனப் பலர் கேட்டு வாங்குகின்றனர். மரபு என நாம் கருதுவது சிலவேளைகளில் நம் வாழ்நாளிலேயே தோன்றியதாக இருக்கக்கூடும்.

2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையினர் 343 பேர் உயிரிழந்தனர். அத்துறையின் எமரால்டு சங்கக் குழலணி மாதக்கணக்கில் அடக்கத்திற்குப் பின் அடக்கமாக வாசித்தது. அவர்கள் வாடகைக்கு அமர்த்தப்பட்டவர்கள் அல்லர், இறந்தவர்களின் உடன்பணியாளர்கள். உடல் கிடைக்காதவர்களுக்கும் நினைவு ஆராதனைகள் நடைபெற்றன. அவற்றிலும் குழல் ஒலித்தது. 2022 செப்டம்பர் 19-இல் எலிசபெத் அரசியாரின் அடக்க ஆராதனையின் முடிவில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் ஒற்றைக் குழலிசைஞர் வாசித்தார். அவர் 1843-இல் விக்டோரியா அரசியார் ஏற்படுத்திய பதவியை வகித்தவர். ஆகவே தோழமையின் கொடையாகவும், பதவியின் கடமையாகவும், கூலிக்குரிய தொழிலாகவும் மூவகையில் இவ்விசை இன்று வழங்கப்படுகிறது.

கூலி பற்றிய நம் கருத்து

இவ்வரலாற்றினின்று நாம் அறிவது யாது? ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகர் அடக்கத்தை நடத்துவதற்குக் கட்டணம் வாங்குவதில்லை என்பது மரபு. அருகே நிற்கும் குழலிசைஞர் வாங்குகிறார். இதைக் கண்டு, ஒருவர் பணி தூயது, மற்றவர் பணி வாணிபம் என்று தீர்ப்பிடுவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. போதகரின் உழைப்புக்குச் சபையார் அனைவரும் காணிக்கைகளின் வாயிலாக முன்னரே பொருள் தந்துள்ளனர். மக்கிரிமனுக்கு நிலம் அளித்ததுபோல, போதகருக்குச் சபை வாழ்வூதியம் அளிக்கிறது. இக்காலத்துக் குழலிசைஞருக்கு நிலமுமில்லை, ஊதியமுமில்லை. பல்லாண்டுப் பயிற்சியும், விலையுயர்ந்த கருவியும், குளிரிலும் மழையிலும் சுருதி குலையாமல் வாசிக்கும் உழைப்பும் அவருடையவை. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்ற ஆண்டவரின் சொல் (லூக். 10:7) அவருக்கும் உரியது. ஆபிரகாம் சாராளின் கல்லறை நிலத்தை இனாமாகப் பெற மறுத்து, நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்ததையும் (ஆதி. 23) நாம் நினைவிற்கொள்ளவேண்டும். இறந்தவர் பொருட்டு உரிய விலையைக் கொடுப்பதும் ஒரு மரியாதையே.

எனவே கூலியே பாவம் என்று 1560-இன் சீர்திருத்தவாதிகள் கூறவில்லை. மறுக்க இயலாத வேளையில் பறிக்கப்படும் வரியையும், செல்வருக்குப் பேச்சும் ஏழைக்கு மௌனமும் என்ற பட்சபாதத்தையுமே அவர்கள் எதிர்த்தனர். இவ்விரண்டும் இன்றைய அடக்கங்களிலும் தலைகாட்டக் கூடியவை. கட்டணம் முன்னரே தெளிவாகச் சொல்லப்படவேண்டும். எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். துக்கத்தின் ஆழத்தை அளந்து விலை கூட்டலாகாது. இவை இசைஞரின் கடமைகள்.

சபையின் கடமை வேறு. கொடுக்க இயலாதவரின் அடக்கத்திலும் இசை ஒலிக்கவேண்டும் என விரும்பினால், அதன் சுமையை இசைஞரின் தலையில் ஏற்றி அவரை இலவசமாக வாசிக்கச் சொல்வது தர்மமாகாது. அது ஓர் எளியவரிடமிருந்து எடுத்து மற்றோர் எளியவருக்குக் கொடுப்பதாக முடியும். போர்வைத் துணியின் வாடகையை ஏழைகளின் நிதியில் சேர்த்த அப்பழைய மூப்பர் மன்றங்கள் ஒரு வழியைக் காட்டியுள்ளன. அந்நிதியைச் சபை மீண்டும் ஏற்படுத்தி, அதிலிருந்து இசைஞருக்குரிய கூலியைக் குறைவின்றிக் கொடுக்கலாம். அடக்கத்திற்கு வாத்தியக் குழுவை அமர்த்தும் வழக்கமுள்ள நம் சபைகளும் இதைக் கருத்திற்கொள்ளலாம். வறியவன் மனைவிக்கும் இரண்டு குழல்கள் வேண்டும் என்றார் ரபி யூதா. அக்குழல்களுக்குக் கொடுக்கவேண்டியதை அவ்வறியவனோடு சேர்ந்து சுமப்பது சபையின் பொறுப்பு. ஆயர்களும் சபைமூப்பர்களும் தம் மன்றங்களில் இதனை ஆராய்ந்து ஆவன செய்வார்களாக.