தோட்டத்து வாசகரின் சுவை

மலாயாவின் பேராக் ரப்பர் தோட்டத்துத் தமிழருக்கு மர்மக் கதையும் காதல் தொடரும்தான் பிடித்தன, எதார்த்தம் எட்டவில்லை என்பது பழைய பழி. பாதி உண்மைதான். 1923-இன் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளிகளைக் கொண்டுவந்தாலும் அவை ஆரம்பப் பள்ளிகளைத் தாண்டவில்லை. அந்தப் படிப்புக்கு வேகமாக ஓடும் கதையே தோதானது. அதோடு, 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்தது. சோதனையும் கெடுபிடியுமாக நாள் கழிந்தவர் கதையிலும் அதையே தேடுவாரா?

ஆனால் சுவை அங்கேயே உறைந்துவிடவில்லை. 1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, வாசகரையே எழுத வைத்தது. 1953 முதல் 1957 வரை அதே நாளிதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி அந்தப் பயிற்சியை இன்னும் கூர்மையாக்கினார். எழுத வந்தவர்கள் ஆசிரியர்களும் கிராணிகள் எனப்பட்ட தோட்டக் கணக்கர்களும்தானே, பால்வெட்டுக்காரர்கள் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயினும் ஒருவர் உரக்க வாசிக்க, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பலர் கேட்ட காலம் அது. கையெழுத்தை மட்டும் எண்ணினால் காதுகள் கணக்கில் வராது. மர்மத் தொடரை ரசித்த அதே காதுகள்தான் பால்மரக் கதையையும் கேட்டன. வாசகரைக் குறைத்து மதித்தவர்கள் விமர்சகர்களே.